ஆரோக்கியத்தின் வெள்ளிக் கப்பல்

பங்குச் சாமியார் ஒவ்வொரு பதக்கமாகச் சொல்லச் சொல்ல, பந்தலில் உட்கார்ந்திருந்த சனம் கைதட்டியது. ஆரோக்கியமும் தட்டினாள். நாற்றுப் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன கை. தட்டினால் பலகையோடு பலகை மோதுகிற சத்தம் வரும்.

மேடையில் நின்றவன் அவள் தம்பி ஆல்பின். மீசை முளைக்கும் முன்பே நன்னிலத்தில் ரயிலேறியவன். கடற்படையில் கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து, இஞ்சின் வேலை படித்து, படிப்படியாக ஏறி அதிகாரியாகி, தலை நரைத்து இப்போதுதான் பணி முடிந்து வந்திருக்கிறான். வெள்ளைச் சட்டையில் பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. பழுதில்லாமல் நெடுநாள் உழைத்ததற்கு ஒன்று, அதற்கும் மேலே உழைத்ததற்கு ஒன்று, ஓரத்தில் துணிச்சலுக்கு ஒன்று.

"இத்தனை வருஷமும் நீர்மூழ்கிக் கப்பல்ல, கடலுக்கு அடியில கெடந்து உழைச்சவரு நம்ம ஆல்பின்" என்றார் சாமியார்.

ஆரோக்கியத்தின் கை அப்படியே நின்றது.

"என்னங்க சொல்றாரு சாமி? எதுக்கு அடியில?"

"தண்ணிக்கு அடியிலதான்" என்றார் பக்கத்திலிருந்த அவள் புருஷன் பெரியநாயகசாமி.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பெரியநாயகசாமி மேடையைப் பார்த்து மும்முரமாகக் கைதட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம் அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் வெள்ளிக் கப்பல். மெல்லிய தகட்டில் கண்ணுசாமி பத்தர் செய்து கொடுத்தது. தம்பி ரயிலேறிய மறுவாரமே அவள் வேளாங்கண்ணிக்குப் போய் வேண்டிக்கொண்டாள். 'எந்தம்பி ஏறுற கப்பல் முங்கக் கூடாது தாயே. வேலைய முடிச்சு அவன் நல்லபடியா வந்து சேந்தா வெள்ளியில கப்பல் வைக்கிறேன்.' விடிந்தால் அதைக் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும்.

"நான் எந்த மூஞ்சியோட போயி மாதா முன்னால நிப்பேன்?" என்றாள் தம்பியிடம். "முங்காத கப்பல் கேட்டேன். நீ முங்குறதையே உத்தியோகமா வச்சிருந்திருக்க. என் வேண்டுதல் பலிச்சுதா, இல்லையா? என்னன்னு சொல்லி இதைக் கொண்டுபோயி வைக்கிறது?"

"கப்பல்ல இஞ்சின் பாக்குறேன்னுதானக்கா சொன்னேன். அது பொய்யா?"

"மெய்யா?"

"மாப்ள, அந்தப் பதக்கத்தையெல்லாம் கழட்டி வச்சிடு" என்றார் பெரியநாயகசாமி. "உங்க அக்காகிட்ட அது செல்லாது."

ஆல்பின் ஒன்றே ஒன்றைக் கழற்றினான். துணிச்சலுக்கான பதக்கம். அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தான்.

"கப்பல் பேரு, எடம், இதெல்லாம் கேக்காதக்கா, சொல்ல முடியாது. வேளாங்கண்ணிக் கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா எட்டுற ஆழம்னு வச்சுக்க. கடல் தண்ணி வர்ற குழாயில ஒரு இணைப்பு விட்டுப்போச்சு. ஒழுகல. கல்லால அடிக்கிற மாதிரி அடிக்குது தண்ணி. வெளக்கு போயிருச்சு. அந்தத் தண்ணி பாட்டரிக்குப் போனா விஷவாயு கெளம்பிடும். அம்புட்டு பேரும் காலி."

"மாதாவே! நீ என்னடா பண்ணின?"

"ஐப்பசி வெள்ளத்துல நம்ம வாய்க்கா உடைச்சுக்கிட்டப்போ நீ என்ன பண்ணின?"

அவளுக்கு அது மறக்குமா? மண்ணை வெட்டிப் போடப் போடக் கரைத்துக்கொண்டு போனது வெள்ளம். கதிர் வாங்குகிற பயிர். ஆரோக்கியம் உடைப்பில் இறங்கி, வைக்கோலைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். அவளைச் சுற்றி ஊரே சேற்றை அள்ளிப் போட்டது. பொடியன் ஆல்பினும் அள்ளினான்.

"அதேதான்" என்றான் ஆல்பின். "ரப்பர் திண்டு ஒண்ண வச்சு, மேல பலகைய வச்சு, முதுகக் குடுத்து உக்காந்துட்டேன். பசங்க சுத்திலும் மர ஆப்பு அடிச்சு இறுக்கினாங்க. தண்ணி கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. அதுக்குள்ள கப்பல மேல கெளப்பிட்டோம்."

ஆரோக்கியம் அவனைத் திருப்பி நிறுத்திச் சட்டையைத் தூக்கினாள். முதுகின் குறுக்கே வரப்பு மாதிரி ஒரு தழும்பு. விரலால் அதன் நீளத்துக்குத் தடவினாள்.

"வலிச்சுதாடா?"

"அப்ப தெரியல."

"எனக்கும் அப்ப தெரியல" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தன தடவ முங்கியிருப்ப?"

"யாரு எண்ணினா? முங்கின அத்தன தடவையும் ஏறி வந்துட்டோம்."

அவள் வெள்ளிக் கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நான் கேட்டதுக்கு மேலேயே மாதா பாடுபட்டிருக்கா" என்றாள்.

"சம்பளம் என்னமோ ஒரே ஒரு கப்பல்தான்" என்றார் பெரியநாயகசாமி.

"நீங்க வாய மூடுங்க. டேய், ஒங் கப்பலுக்குப் பாய்மரம் உண்டா?"

"கெடையாது. நடுவுல கூண்டு மாதிரி மேடா ஒண்ணு இருக்கும்."

ஆரோக்கியம் கட்டை விரலால் அழுத்தி வெள்ளிப் பாய்மரத்தை மடக்கினாள். பிய்த்து எறியவில்லை; நேர்ந்துகொண்ட வெள்ளியில் ஒரு பொட்டும் குறையக் கூடாது. மடித்து மடித்துச் சின்னக் கட்டியாக்கி நடுவில் உட்கார வைத்தாள்.

"கத்திரிக்காய்க்குக் காம்பு வச்ச மாதிரி இருக்கு" என்றார் பெரியநாயகசாமி.

ஆல்பின் அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கூண்டை ஒரு நூல் முன்னால் தள்ளினான். "இப்ப சரியா இருக்குக்கா."

"சரி. தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சதுக்கு, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் மணல்ல முழங்கால்லயே கோயிலுக்குப் போறீங்க. எனக்கு முட்டி ஆகாது, பின்னால நடந்து வர்றேன்."

"பதக்கத்தோடயாக்கா?"

கையிலிருந்த பதக்கத்தை அவளே அவன் சட்டையில் மாட்டினாள். கோணலாகத் தொங்கியதை இழுத்து நேராக்கினாள்.

"எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு வா. மாதாவும் பாக்கட்டும்."