ஸ்டிக்கரில் இருந்த எண்

அக்காவின் மடிக்கணினி அலறத் தொடங்கியபோது மணி பிற்பகல் இரண்டேகால். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, அணைத்துவிடாதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று கொட்டை எழுத்தில் அறிவிப்பு, கூடவே காது ஜவ்வு கிழிகிற மாதிரி ஒரு சங்குச் சத்தம். அப்போது அக்காவின் கண்ணெதிரே இரண்டு தொலைபேசி எண்கள் இருந்தன. ஒன்று திரையில் மின்னிக்கொண்டிருந்தது. இன்னொன்று விசைப்பலகையின் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தது: 'எதுவானாலும் முதலில் எனக்கு.' அது அவள் தம்பியின் எண். அக்கா அரை நிமிடம் யோசித்துவிட்டு, திரையில் இருந்த எண்ணை அழைத்தாள்.

தம்பிக்குக் குடும்பத்தில் டாக்டர் என்று பெயர். மருந்து மாத்திரை டாக்டர் இல்லை. சொந்தக்காரர்களில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவன்தான் போய் எழுப்ப வேண்டும். பிழைப்பும் அதுதான். ஒரு பெரிய கம்பெனியின் உதவி மையத்தில் நாள் முழுக்கக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் "கவலைப்படாதீங்கம்மா, நிதானமா பண்ணலாம்" என்று பேசுவான். அங்கே குரலில் தேன் ஒழுகும். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறதே, ஒழுகாமல் என்ன செய்யும்? வீட்டில் யாரும் பதிவு செய்வதில்லை. அதனால் வீட்டில் எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுவான்.

மூன்றரை மணிக்கு அக்கா ஒருவழியாக அவனுக்குப் போன் செய்து, "எல்லாம் வெள்ளையாயிடுச்சுடா" என்று மட்டும் சொன்னாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினி முன் உட்கார்ந்தான். திரையில் இருந்த கோப்புகள் அத்தனையும் வெள்ளைத் தாளாக நின்றன. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. நடுவில் ஒரு கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், கேட்டதைக் கொடுத்தால் திறப்போம்.

"வரலாற்றுப் பாடமெல்லாம் எங்க?" என்று கேட்டான்.

"அதுவும் இதுலதான்."

அக்கா காலையில் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். மற்ற நேரமெல்லாம் பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்வாள், சம்பளம் கிடையாது. துணி பீரோவைக் காலி செய்து, உள்ளே சுற்றிலும் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு படிப்பாள். தெருவின் சத்தம் உள்ளே வராது, காற்றும் வராது. இந்த வருடம் வரலாற்றுப் புத்தகம் புதிதாக மாறிவிட்டது. இருபத்திரண்டு பாடங்கள். இரண்டு மாதமாக வியர்க்க வியர்க்க உட்கார்ந்து இருபத்தொன்றை முடித்திருந்தாள். முழுவதையும் திருத்தி வெள்ளிக்கிழமை மூன்று பிள்ளைகளிடம் ஒன்றாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை அவர்களுக்குப் பரீட்சை. அன்று செவ்வாய்.

டாக்டர் கையை உதறிக்கொண்டான். "போகட்டும். ஹார்ட் டிஸ்க்ல பிரதி இருக்கும்ல? அதுக்குத்தானே வாங்கிக் கொடுத்தேன்." பக்கத்தில் செருகியிருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தான். அதற்குள்ளும் எல்லாம் வெள்ளைத் தாள்தான், எல்லாவற்றுக்கும் அதே வால்தான்.

அவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அந்த ஜன்னலை மூடியிருந்தா போதும்க்கா! வெறும் விளம்பரம் அது! மூடினா போயிருக்கும்! இதோ, இவ்வளவு பெருசா ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா? போன வாரம்தான் போலி அழைப்பு பத்தின செய்தியை உனக்கு அனுப்பினேன். படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்."

"படிச்சு என்ன பண்ணே? தூரத்துலேருந்து கம்ப்யூட்டருக்குள்ள நுழைய விடற அந்த ஒன்பது நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருந்துச்சே!"

"போட்டிருந்துச்சு. 'அப்ப உனக்கு மட்டும் சொல்றேனே, அது சரியா'ன்னு உன்கிட்ட கேட்டேன். 'தலையைத் தின்னாத'ன்னு பதில் போட்டே."

தப்பு தன் பக்கம் லேசாகத் தெரிந்தால் குரலை இன்னும் உயர்த்துகிற ஜாதி அவன். படித்தவள்தானே, நூலகத்தில்தானே வேலை பார்க்கிறாய், எவனோ ஒருத்தன் கேட்டால் வீட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுப்பாயா என்று கரித்துக் கொட்டினான். அவன் மூச்சு விட நிறுத்தியபோது அக்கா எழுந்து போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நான் எதையும் புதுசா பண்ணலை. இதுல இருக்கறதைத்தான் பண்ணேன்."

அக்காவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மேலே 'கம்ப்யூட்டர், தம்பி சொன்னது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதன் கீழே, வரிசையாக:

'போன் வந்தால் திரையில் வரும் ஒன்பது எண்களைச் சொல்ல வேண்டும்.

அனுமதி கேட்டால் அழுத்திவிட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அம்பு தானாக நகர்ந்தால் பயப்படக் கூடாது. கை வைக்கக் கூடாது.

ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. வேலை கெடும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றக் கூடாது. எப்போதும் செருகியே இருக்க வேண்டும்.'

கடைசி வரியை டாக்டர் இரண்டு முறை படித்தான். அவன் சொன்னதுதான். பிரதி எடுத்தபின் கழற்றி வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள், நீ கழற்றினால் எதையாவது உடைப்பாய் என்று இவன் எரிந்து விழுந்தான். கழற்றி வைத்திருந்தால் இருபத்தொரு பாடமும் பத்திரமாக இருந்திருக்கும். வந்த திருடன் எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. வீடு முழுக்கத் திறந்து வைத்துப் பழக்கியிருந்தது இவன்தான்.

"ஆனா எனக்கு ஏன் போன் பண்ணலை?" என்றான். இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரெண்டு நம்பர் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. யோசிச்சுத்தான் பண்ணேன்." அக்கா நோட்டை மூடினாள். "உனக்குப் பண்ணா நீ திட்டுவே. அதான். அவன் திட்டலை. அனுமதி எங்க இருக்குன்னு மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் சலிக்காம சொன்னான். 'கவலைப்படாதீங்கம்மா, நிதானமா பண்ணலாம்'னான். தண்ணி குடிச்சிட்டு வாங்கன்னான்."

அக்கா அந்த ஆளைப் போலவே பேசிக் காட்டினாள். வாசித்துப் பழகிய குரல், அப்படியே வந்தது. டாக்டருக்கு அது யார் குரல் என்று நன்றாகத் தெரிந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அவன் ஊரார் காதில் ஊற்றுகிற குரல். சொந்த அக்காவுக்கு அதில் ஒரு சொட்டு விட்டதில்லை. ஒரு திருட்டுப்பயல் வந்து விட்டுப் போயிருக்கிறான்.

பூட்டிய கோப்புகளைத் திறக்க வழி ஏதாவது உண்டா என்று ஒரு மணி நேரம் தேடினான். இல்லை. கேட்டதைக் கொடுத்தாலும் திறப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தன் பையிலிருந்து சொந்த மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தான். அக்கா அதையும் மைக்கையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பீரோவுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதல் பாடம், முதல் பக்கம்.

டாக்டர் சமையலறையில் நின்றான். தன்மேல் வந்த கோபத்தை எத்தனை நேரம்தான் ஒருவன் வைத்துக்கொண்டிருப்பது? அக்காவின் செல்போனில் அந்த எண் இருந்தது. அழைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம் சார், என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க, கவலைப்படாதீங்க, நிதானமா..."

"டேய்!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் அடுப்படி ஜன்னல் அதிர்ந்தது. நீயெல்லாம் மனுஷனா, கண்ணு தெரியாத பிள்ளைங்க படிப்புல மண்ணை அள்ளிப் போட்டியேடா, நீ நல்லா இருப்பியா, உருப்படுவியா என்று நாக்கில் வந்ததையெல்லாம் கொட்டினான். எதிர்முனையில் எவனோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்தான்.

பீரோக் கதவு திறந்தது. அக்கா வியர்த்துப்போய் நின்றாள். இதுவரை கத்தாதவளின் கண்ணில் இப்போது நெருப்பு இருந்தது.

"முப்பத்தெட்டு நிமிஷம் படிச்சேன். முடியப் போற நேரம். நீ கத்தினது மொத்தமும் அதுல விழுந்திருக்கு. போர்வை தெருச் சத்தத்தைத் தடுக்கும், உன் சத்தத்தைத் தடுக்காது. கிளம்பு."

"அக்கா, நான் அவனைத்தான்..."

"அவன் காதுல விழுந்து என்னடா ஆகப் போகுது? எப்பவும் யாரையோ திட்டறே, எனக்குத்தான் வேலை கூடுது. போ!"

அவன் செருப்போடுதானே இருந்தான். அப்படியே படி இறங்கினான். கதவு மூடுவதற்கு முன் திரும்பிப் பார்த்தபோது, அக்கா நோட்டை எடுத்து அந்த ஐந்து வரிகளையும் குறுக்கே அடித்துவிட்டு, கீழே புதிதாக எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

புதனன்று அவன் அவளை அழைக்கவில்லை. வியாழன் காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்குத் திடீரென்று பகீரென்றது. புதிதாக வாசிப்பதற்கும் பிரதி கிடையாதே! அவன் கணினியில் ஏதாவது ஆனால் மறுபடி எல்லாம் போகும். சாப்பாட்டு இடைவேளை வரை காத்திருந்து, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவளை அழைத்தான். இந்தத் தடவை குரல் உயரக் கூடாது என்று தனக்குத்தானே ஆணையிட்டுக்கொண்டான்.

"அக்கா, நல்லா இருக்கியா? ஒண்ணும் இல்ல, கவலைப்படாதே. அந்த ஒன்பது நம்பரை மட்டும் மெதுவா சொல்லு, நான் இங்கேருந்தே ஒரு பிரதி எடுத்துடறேன். அவசரமே இல்ல, நிதானமா பண்ணலாம்."

"யாரு பேசறது?" அக்காவின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நான்தான்க்கா. உன் தம்பி."

"பத்தொன்பது பாடம் முடிஞ்சுது. பிரதி எடுத்தாச்சு, பென் டிரைவ்ல. கழற்றிப் பெட்டியில வச்சாச்சு. நம்பர் கேட்டு யார் போன் பண்ணாலும் வைச்சுடணும், தம்பியா இருந்தாலும்னு நோட்டுல எழுதியிருக்கேன். வேணும்னா நேர்ல வா."

டாக்டருக்குக் கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினான். தேனை இன்னும் கொஞ்சம் சேர்த்தான். "சரிதான்க்கா, நீ செஞ்சது ரொம்ப சரி. ஆனா நான்தானே, என்கிட்ட சொல்றதுல என்ன? என் குரல் தெரியலையா உனக்கு?"

"இந்தக் குரல்ல நீ என்கிட்ட எப்படா பேசியிருக்கே?" என்றாள் அக்கா. "இப்படித்தான் அவனும் பேசினான். வழக்கம்போலக் கத்தியிருந்தா நீதான்னு நம்பியிருப்பேன்."

போனை வைத்துவிட்டாள்.