பரவாயில்லை

கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆள் தேடிய நேரம். விண்ணப்பித்திருந்த கௌசிக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் டோனட் கடைதான் கதி. அவளுடைய பேராசிரியர் தில்லைநாதனோ, நாங்கள் விசாரித்தபோது "நொட் பேட்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அதைக் கேட்ட என் கூட்டாளி டேவிட் அவளை ஒதுக்கிவிட்டான்.

எனக்கோ அது நம் 'பரவாயில்லை'யாகக் கேட்டது; புடவைக்கடையில் வளர்ந்தவன் நான். வாங்க வந்தவர் 'பரவாயில்லை' என்றால், சேலை மனதில் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பேராசிரியரைத் திரும்ப அழைத்தேன்.

"சேர், பிள்ளை கெட்டிக்காரியோ?"

"பரவாயில்லை எண்டு சொன்னனான்தானே! இருபது வருசத்தில வேற ஒருத்தருக்கும் உந்த வார்த்தையைச் சொன்னதில்லை."

அதை அப்படியே ஆங்கிலத்தில் டேவிட்டுக்குச் சொன்னேன். கௌசிக்கு வேலை கிடைத்தது. செய்தி கேட்டுப் பேராசிரியர் பதறினார்.

"என்ன தம்பி, பிள்ளையைப் பெரிசாப் புழுகிப்போட்டீரோ?"

"இல்லை சேர், மொழிபெயர்த்தனான்."