பத்தொன்பதரை டிகிரி

கொதிக்கிறது, அடுப்பில்லாமல், தீயில்லாமல், மாதேஷின் வலக்கையில் முழங்கையிலிருந்து விரல்வரை, வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு, திம்மராயன் கண்ணை மூடினால் இன்றைக்கும் அதுதான் முதலில் வருகிறது, பிறகுதான் ஓசூரின் அந்த மார்கழிக் காலை, தொழிற்சாலை ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து சொட்டும் பனி, வரிசையாக நிற்கும் சிலிண்டர்கள், ஒன்றின் வால்வைத் திறந்துவிட்டுக் காதைச் சாய்த்து நிற்கும் மைத்துனன் மாதேஷ். காதை நம்பித்தான் அங்கே வேலை, ஹைட்ரஜன் குளோரைடோ புரோமைடோ அயோடைடோ, வால்வைத் திறந்தால் சீறும், சீறாவிட்டால் காலி, சாய்த்து உருட்டிக்கொண்டு போய்விடலாம், அது ஒருநாளும் பொய்த்ததில்லை, மூன்றும் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே கொதித்துவிடுகிறவை. ஃப்ளூரைடு அந்த வாரம்தான் புதிதாக வந்திருந்தது, எது தீர்ந்தது எது தீரவில்லை என்று இரவு ஷிப்டுக்காரர்கள் சீட்டுக் கட்டாமல் போயிருந்தார்கள்.

சீறலியே மாமா, காலி, என்றான் மாதேஷ், இருடா, இது புதுசு, யாரையாச்சும் கேட்டுட்டுத் தொடலாம், என்று திம்மராயன் கையுறையைத் தேடிக்கொண்டே சொல்ல, பிளஸ் டூ வேதியியல் படித்தவனுக்குச் சிரிப்பு, சுவரிலிருந்த கொதிநிலை அட்டையைக் காட்டுகிறான், பாருங்க மாமா, அயோடைடு மைனஸ் முப்பத்தஞ்சு, புரோமைடு அறுபத்தேழு, குளோரைடு எண்பத்தஞ்சு, எடை குறையக் குறையக் கீழ போகுது, இது எல்லாத்தையும்விட லேசு, மைனஸ் நூறாச்சும் இருக்கும், உள்ள இருந்தா ஊரே கேக்கற மாதிரி சீறாதா, எட்டாங்கிளாஸ் எனக்குப் பாடம் எடுக்குதா. கணக்கு சரிதான், ஃப்ளூரைடுதான் அந்தக் கணக்கில் அடங்காதது, அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும், பிரித்துக் கொதிக்கவைக்கப் பத்தொன்பதரை டிகிரி வேண்டும், ஷெட்டில் அன்று பதினாலு, அதனால் சத்தமில்லாமல் தண்ணீர்போலக் கிடந்தது, வால்வை மூடாமலே மாதேஷ் சிலிண்டரைச் சாய்த்தான், வழிந்தது, உடம்பின் சூடு போதாதா அதற்கு, சீறல் அப்போதுதான் கேட்டது, அவன் கையிலிருந்து.

திம்மராயன் அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறான், மாதேஷ் உதைக்கிறான், தலையால் மூக்கில் இடிக்கிறான், நெஞ்சில் முட்டிபோட்டு அழுத்திக் கையைத் தண்ணீருக்குள் பிடித்தால் தோளைக் கவ்வி சதையோடு கடிக்கிறான், விடுங்க மாமா, எலும்புக்குள்ள போவுது, என்று கத்துகிறான், வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகையில், மேனேஜர் வரட்டும்ப்பா, ஆம்புலன்ஸ் அவர்தான் சொல்லணும், என்று வழியை மறித்த சூப்பர்வைசரின் தாடையில் திம்மராயன் விட்ட குத்தில் அந்த ஆள் சிலிண்டர்களுக்கிடையே விழுந்தது கனவா நிஜமா, நிஜம்தான், இன்னும் விரல்கணு வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் கால்சியம் ஊசி ஏற ஏற விரல்கள் கருத்துக்கொண்டே வந்தன, முழங்கைக்கு மேல எடுத்தாகணும், விஷம் ரத்தத்துல ஏறுது, இன்னும் விட்டா நெஞ்சு நின்னுடும், என்றார் டாக்டர், மாதேஷ் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான், கையில்லாம நான் எதுக்கு, செத்துப்போறேன், வெட்டவிட்டா நீ எனக்கு மாமனே இல்ல, என்றான், அவனுடைய அக்கா ரத்னம்மா, திம்மராயனின் மனைவி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், திம்மராயன் சொன்னான், வெட்டுங்க.

வீட்டுக்கு வந்த அன்று, சட்டையின் வலக்கை தொங்க, ஆட்டோவிலிருந்து இறங்கியவன் நேராக வந்து, தெருவே பார்க்க, இடக்கையால் திம்மராயனை அறைந்தான், கடைவாய்ப் பல் ஆடியது, வாயெல்லாம் ரத்தம், ரத்னம்மா ஓடிவந்தாள், திம்மராயன் அவளை விலக்கினான், எவ்வளவு வலு, செத்தவன் கையில் இவ்வளவு வலு இருக்காது, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு இன்னொரு கன்னத்தைக் காட்டினான், பழக்கமில்லாத கைடா, இன்னொண்ணு அடி. மாதேஷ் அடித்தான்.