முதல் நான்கு நிமிடம்

1

இடுப்பு வலிக்கிறது. பழைய வலி. பதினாறு வயதில் சிமெண்ட் மூட்டை சுமந்தபோது வலது பக்கம் குடியேறியது. குளிர் கண்டால் எழுந்து உட்காரும். டயர் கிடங்கின் தரையில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கணினி சர்வரைச் சோதித்ததில் இப்போது இடது பக்கத்தையும் வாங்கிக்கொண்டது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, அறிக்கையாகத் தொடங்கியது. மலைமேல் இருக்கும் எல் ஆல்தோ நகரில் எங்கள் பேருந்து ஓட்டுநர் சங்கம் புது சர்வர் வாங்கியது. அது கூட்டத்தைத் தாங்குமா என்று பார்த்து எழுதித் தரும் வேலை எனக்கு. படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரியில் அடங்காததுதான் இது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

சர்வர் அறையின் நீல விளக்குகள் அமைதியாக மினுங்க... (அறையே கிடையாது. டயர் கிடங்கு. விளக்கு ஒன்று, அதுவும் மஞ்சள்.)

நான்காயிரம் மீட்டர் உயரத்தில் மனிதன் தன் தனிமையை... (எங்கள் சங்கத்தில் யாருக்கும் தனிமை கிடைத்ததில்லை.)

தோன்யா நியேவெஸ் தன் நாற்காலியைப் பணயம் வைத்தார்.

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

தோன்யா நியேவெஸ் தங்காரா பதினோரு வருடம் மினிபஸ் ஓட்டிய பெண்மணி; ‘தோன்யா’ மரியாதைக்கு. இப்போது சங்கச் செயலாளர். கார்னிவல் திருவிழாவுக்கு ஒரூரோ நகருக்குப் போகும் டிக்கெட்டுகளை இதுவரை ரசீதுப் புத்தகத்தில் எழுதித்தான் விற்றோம். வருடா வருடம் ஒரே இருக்கைக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள். இந்த முறை எல்லாம் செல்பேசியில், திங்கள் காலை எட்டு மணிக்கு விற்பனை என்று அறிவித்தவர் அவர். பழைய செயலாளர் இலாரியோனுக்கு அது பிடிக்கவில்லை.

“மெஷின் படுத்துச்சுன்னா?” என்றார் இலாரியோன்.

“நாற்காலிய நீங்க எடுத்துக்கங்கண்ணே. துடைச்சே குடுக்கிறேன்.”

“துடைக்க வேணாம். நான் உக்காந்தா தானா துடைஞ்சுரும்.”

3

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் என் அப்பாவை நல்லவராக எழுதியிருந்தேன்.)

4

சோதனை என்பது இதுதான். ஒரு நிரல் இரண்டாயிரம் பயணிகளை உண்டாக்கும். யாரும் நிஜம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலோரம் இருக்கிறதா, பிள்ளைக்கு அரை டிக்கெட்டா என்று சர்வரைப் பிடுங்குவார்கள். ஒரு நொடியில் அது எத்தனை கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எண்ண வேண்டும். எங்களுக்குத் தேவை நானூறு. அரை மணி நேரம் விடாமல்.

இல்லாத ஆட்களைக் கொண்டு உள்ளதைச் சோதிப்பது. நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதே தொழில். ஒரு வித்தியாசம்: நிரலின் பயணிகள் சொன்னபடி கேட்பார்கள். எர்லான் கேட்கவில்லை.

எர்லான் ஹுஸ்தினியானோ, சர்வரைச் செய்து விற்றவன். கீழே சமவெளியில் உள்ள சாந்தா குரூஸ்காரன். முதல் வரைவில் அவனுக்குத் தங்கச் சங்கிலி போட்டு மோசடிக்காரனாக்கினேன். நேரில் அவன் கழுத்தில் இருந்தது வாந்தி துடைத்த துண்டு. வியாழக்கிழமை மேலே ஏறி வந்ததிலிருந்து உயரம் அவனை உலுக்கிவிட்டது. கையில் மலைமயக்கத்துக்குக் குடிக்கும் கோகா இலைத் தேநீர், முகம் சுண்ணாம்பு.

“இந்த ஊர்ல எப்படிய்யா மூச்சு விடறீங்க?” என்றான்.

“கொஞ்சமா விடுவோம். உங்க ஊர் மாதிரி வீணாக்க மாட்டோம்,” என்றார் இலாரியோன். “மெஷினும் உன் ஊர்தானே? அதுக்கும் ஒரு டம்ளர் தேத்தண்ணி குடு.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

எர்லான் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். அவன் ஊரில் அரை மணி நேரம் சோதித்திருக்கிறான்: நொடிக்கு நானூற்றுப் பன்னிரண்டு. பொய்யில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

5

வெள்ளி காலை சல்லா. புதுப்பொருள் எதுவானாலும் எங்களுக்கு அது உண்டு. பேருந்து, வீடு, தையல் மெஷின், எதற்கும் முதலில் பூமித்தாய்க்கு ஊற்றாமல் கை வைக்க மாட்டோம். சர்வரின் நான்கு மூலைக்கும் பீர் தெளித்தார்கள். காகித நாடா சுற்றினார்கள். பிறகு நாற்பது ஓட்டுநர்களும் ஆளுக்கொரு கைப்பிடி வண்ணக் காகிதத் துணுக்கை எடுத்து அதன் தலையில் தூவினார்கள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் காற்றை இழுக்கும் விசிறிகள், காற்றோடு சேர்த்து வந்ததையும் இழுத்தன. பின்பக்கமாக மஞ்சளும் சிவப்புமாக ஒரு துளி வெளியே பறந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது.

சோதனையை ஓட்டினேன். நொடிக்கு நூற்று எண்பது என்றது திரை.

“மூக்குல கொட்டிட்டீங்களே,” என்றான் எர்லான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நீ ஊத்துனது ரெண்டு சொட்டு,” என்றார் இலாரியோன். “கஞ்சப்பய கையால ஊத்துனா பூமித்தாயி இப்படித்தான் காட்டுவா.”

தோன்யா நியேவெஸ் கைப்பையிலிருந்து புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்து என்னிடம் கொடுத்தார். பாதி நாள் பொறுக்கினேன்.

பொறுக்கி முடித்து, தனியாக அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். முதல் நான்கு நிமிடம் நானூற்றுப் பதினொன்று. ஐந்தாவதில் இறங்கியது. பத்தாவது நிமிடத்திலிருந்து இருநூற்றுத் தொண்ணூறு, கடைசிவரை அதேதான்.

[காகிதத்தின் மேல் குற்றமில்லை. இங்கே காற்று மெலிசு. விசிறி எத்தனை சுற்றினாலும் சூட்டை இழுத்துப் போகக் காற்று போதாது. எரிந்துபோகாமலிருக்க மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மெஷினுக்கும் தேத்தண்ணி குடு என்று இலாரியோன் கிண்டலாகச் சொன்னதுதான் சரியான விடை. அவருக்கே அது தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.]

6

கட்டட மேஸ்திரி ஒருவன் இருந்தான். காலையில் ஆள் எடுக்கும்போது ஒவ்வொருவரையும் மூன்று மூட்டை தூக்கச் சொல்லிப் பார்ப்பான். மூன்று மூட்டைக்கு எவனும் ஓடுவான். நானும் ஓடினேன், சிரித்துக்கொண்டே. நாற்பதாவது மூட்டையை அவன் பார்த்ததில்லை. அதை என் இடுப்பு பார்த்தது.

இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால்... (வேண்டாம். உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

7

சனிக்கிழமை சங்கக் கூட்டம். எல்லோர் முன்னாலும் சோதனை. ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்: நான்கு நிமிடத்துக்கு மேல் நானூறு தாங்காது, விற்பனையை எட்டு, பத்து, பன்னிரண்டு மணி என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள், இருநூற்றுத் தொண்ணூறே போதும். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் இலாரியோன் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, செயலாளர் நாற்காலியைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

நானூற்றுப் பதினொன்று. மூன்றாவது நிமிடம், அதேதான். கை தட்டினார்கள். எர்லான் அழுகிறவன்போல் சிரித்தான். அடுப்படியிலிருந்து பன்றிக்கறிச் சாற்றின் மணம் வந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்றார் ஒருவர்.

“அரை மணி நேரம் எவன் நிப்பான்? சாறு ஆறுது,” என்று முதலில் எழுந்தவர் இலாரியோனே.

நான்காவது நிமிடம். கூட்டம் தட்டைத் தேடிப் போயிற்று. தோன்யா நியேவெஸ் மட்டும் திரை முன்னால் நின்றார்.

“தம்பி, முடிஞ்சிதா?”

“முடிஞ்சிதுக்கா.”

நிறுத்தினேன். படிவத்தில் 411 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குறிப்பு: எதுவுமில்லை.

8

இன்று ஞாயிறு மதியம். விற்பனை இன்னும் நடக்கவில்லை. அதனால் முடிவு என்னிடம் இல்லை. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: நாளை மழை, மின்சாரம் போகிறது, எல்லோரும் ரசீதுப் புத்தகத்துக்குத் திரும்புகிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு. கோழை எழுதுகிற முடிவு.

இரண்டாவது: எட்டேகால் மணிக்கு செல்பேசிகள் உறைகின்றன. ஒரே இருக்கைக்கு மூன்று பேர். இலாரியோன் நாற்காலியில் உட்கார்கிறார். அது துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. (இதை எழுதியபோது கை சுறுசுறுப்பாக ஓடியது. வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவது: தோன்யா நியேவெஸின் வீடு மூன்று தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை பழைய மினிபஸ்ஸைக் கழுவிக்கொண்டிருப்பார். நான் போகிறேன். அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்புகிறார். “அக்கா, நேத்து அந்த நாலு நிமிஷம்...”

இதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் என்னைப் பார்க்கும் இடத்தில் அறுந்துபோகிறது.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மட்டும் எந்த முடிவிலும் மாறாது. சோதனை முப்பது நிமிடம். நான் காட்டியது நான்கு. தோன்யா நியேவெஸுக்கு இன்னும் இருபத்தாறு நிமிடம் தர வேண்டியிருக்கிறது.