கற்பூரம் அணைந்த மறுநாள் காலை

எல்லோருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் சுகந்தானே? சாப்பிட்டீர்களா? எனக்கு முட்டி மட்டும்தான் தகராறு, வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. அதனால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் தெலுங்குச் சீமையில் கங்காதர நெல்லூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. இருபத்தேழு மாந்தோப்பு. எல்லாம் பெங்களூரா மாங்காய், மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிற ரகம். ஆலைக்காரன் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று டிராக்டர் காய்தான் எடுப்பான். நான்காவது டிராக்டர் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். மரத்தில் இருக்கிற காய் பத்து நாள் தாங்கும். டிராக்டரில் குவித்த காய் வெயிலில் மூன்றாம் நாளே குழைந்துவிடும். இது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோப்புக்காரர்களுக்கு மட்டும் தெரியாது.

போன வருஷம் ஒருவன் முந்திவிட்டான் என்று அடுத்தவன் முந்தினான். இரண்டே நாளில் இருபத்தேழு தோப்பும் காலி, ரோடு முழுக்க டிராக்டர். கடைசி டிராக்டர் என் மகள் அம்சவேணியுடையது. புருஷனை இழந்தவள், நாற்பது மரத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். வாடகை வண்டி கிடைத்து அவள் போனபோது முன்னால் இன்னும் இருபது வண்டி. ஆறாம் நாள் மொத்தக் காயையும் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தாள். அழவில்லை.

"இந்த வருசமும் இப்டியே ஆச்சின்னா குத்தகைய உட்டுட்டு திருப்பதிக்குப் பூடுவேம்மா" என்றாள். "அலிபிரிகிட்ட ஒரு லாட்ஜுல பெட்சீட்டு தொவைக்க ஆள் கேட்டுக்கினு இருக்காங்கோ."

சொன்னால் செய்கிறவள் அவள்.

நான் காய் பறிக்கிற கும்பலை நடத்துகிறவள். பன்னிரண்டு பேர். எங்கள் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் கையகல நிலம் கிடையாது, காய் இழுக்கிற தொரட்டிக் கம்புதான் சொத்து. ஊரில் எவன் தோப்பில் காய் இறங்க வேண்டுமென்றாலும் எங்கள் கை பட வேண்டும். போன வருஷம் அந்த இரண்டு நாளும் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து இழுத்துக்கொண்டு போய் ராப்பகலாகப் பறிக்க வைத்தார்கள்.

இந்த வருஷம் வைகாசியில் கங்கையம்மன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவன் சந்திரசேகர். திருப்பதியில் ஏதோ காலேஜில் எகனாமிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறான். ஊரில் நான்கு ஏக்கர் தோப்பும் இருக்கிறது.

"இதுக்கு கேம் தியரின்னு பேரு" என்று ஆரம்பித்தான். "எல்லாரும் மொறை வெச்சிப் பறிச்சா எல்லாருக்கும் நல்லது. ஆனா மத்தவன் காத்துக்கினு இருக்கறப்ப நான் மட்டும் முந்தினா எனக்கு இன்னும் நல்லது. மத்தவன் முந்திட்டா, நான் மட்டும் காத்துக்கினு இருந்து ஏமாறணுமா? அப்பவும் முந்தறதுதான் நல்லது. ஆக, ஒவ்வொருத்தனும் புத்திசாலியாத்தான் நடந்துக்கறான். மொத்தத்துல ஊரு நாசமாப் பூடுது."

"அப்ப நாமெல்லாம் புத்திசாலிங்கன்னு சொல்லு சார்" என்று கங்கையா மீசையைத் தடவினார். ஊரிலேயே பெரிய தோப்பு அவருடையது. மூளை மட்டும் மற்றவர்கள் அளவுதான்.

"மீறினவனுக்கு வலிக்கணும். பெனால்டி இல்லாத ஒப்பந்தம் வெறும் காத்து" என்றும் சொன்னான் சந்திரசேகர். நல்ல பேச்சு. நான்கூடத் தலையாட்டினேன். ஆனால் என்ன பெனால்டி என்று கேட்டதும் இருபத்தேழு பேரும் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

"நமக்குள்ள எதுக்குப்பா தண்டனை? மானம் மரியாத இல்லியா?" என்றார் கங்கையா.

ஒரு நாளைக்கு மூன்று தோப்பு என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்தார்கள். அம்சவேணிக்கு எட்டாம் நாள். சந்திரசேகருக்கு ஏழாம் நாள். முறை தவறமாட்டோம் என்று வரிசையாக நின்று கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பார்க்கக் கண்கொள்ளாத காட்சி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. சந்திரசேகர்.

"பொன்னியம்மா, நாளைக்கு என் தோப்புக்கு வந்துடு. யாருக்கும் சொல்லாத."

"நேத்துதான நைனா கற்பூரத்த அடிச்ச? கை சூடுகூட ஆறியிருக்காதே?"

"உனக்குத் தெரியாது. கங்கையா எப்டியும் ஏமாத்துவான். அதுக்கு முன்னாடி நாம..."

"கங்கையா இன்னும் வரல. நீதான் பர்ஸ்டு."

ஏழு மணிக்குக் கங்கையா வந்தார். "வாத்தியாரு எப்டியும் ஏமாத்துவாரு பொன்னியம்மா. நாளைக்கு வந்துடு, யாருக்கும் சொல்லாத." மத்தியானத்துக்குள் ஆறு பேர். ஆறு பேருக்கும் அதே வசனம், அதே திருட்டு முழி. படித்தவன், படிக்காதவன் என்ற வித்தியாசமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. சத்தியத்தை மீற வேண்டுமென்றாலும் இவர்கள் என் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

சாயந்திரம் கோயிலிலேயே போய்ச் சொன்னேன்: "சீட்டுல இருக்கற மொறப்படிதான் பறிப்போம். எவனாச்சும் முந்தினா, அவன் தோப்பு கடைசில. அடுத்த வருசமும் கடைசில. இன்னிக்கு யார் யார் என் வாசலுக்கு வந்தாங்கன்னு பேரு சொல்லட்டுமா?"

சொல்ல வேண்டாம் என்று ஆறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். வேறு ஆதாரம் வேண்டுமா?

சந்திரசேகர் விடவில்லை. எங்கள் கும்பலில் இருக்கிற வரலட்சுமியிடம் இரட்டைக் கூலி தருகிறேன் என்று போயிருக்கிறான். அவள் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தாள்.

"டபுள் கூலி அத்தே. ஒரு நாளுதான?"

"போ. ஒரு நாளு டபுள் கூலி வாங்கிக்க. மிச்ச இருபத்தாறு தோப்புக்கும் உன்ன யாரு கூப்புடுவா?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுத் தொரட்டியைச் சரிபார்க்கப் போய்விட்டாள். அவன் காலேஜில் இவளைத்தான் பாடம் நடத்தச் சொல்ல வேண்டும்.

அப்புறம் சந்திரசேகரே மச்சானைக் கூட்டிக்கொண்டு தன் தோப்பில் இறங்கினான். காயைக் காம்போடு சேர்த்து இறக்கி, அப்புறம் காம்பைக் கிள்ளி, பாலை வடியவிட்டு எடுக்க வேண்டும். அந்த மேதை கீழே நின்று அண்ணாந்து இழுத்தான். மாம்பால் முகத்தில் சொட்டி, இரண்டு கன்னமும் சுட்ட கத்திரிக்காய் ஆனது. அரை டிராக்டர் கூட நிறையவில்லை. அடிபட்ட காய் என்று ஆலையிலும் திருப்பி அனுப்பினார்கள். வலிக்கணும் என்று சொன்னான் இல்லையா? வலித்தது. தோப்பும் நான் சொன்னபடி கடைசிக்குப் போனது.

ஐந்தாம் நாள் வானம் கறுத்தது. அம்சவேணி நாங்கள் பறித்துக்கொண்டிருந்த தோப்புக்கே ஓடி வந்தாள்.

"காத்து வந்தா எல்லாம் கொட்டிடும்மா. நாளைக்கு என்னுத எறக்கிடு. நீதான கூட்டிக்கினு போறவ, எவன் கேப்பான்?"

வரலட்சுமி தொரட்டியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பத்துப் பேரும் அப்படித்தான். நான் சரி என்றால் போதும், அடுத்த நாள் காலை வாசலில் இருபது பைக் நிற்கும்.

"எட்டாம் நாளுதான்" என்றேன்.

"பெத்த பொண்ணுக்குக் கூடவா?"

"உனக்குந்தான்."

"அப்ப நான் பையக் கட்டறேன்" என்று போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் காற்று அடித்தது. அவள் மரத்திலிருந்து நான்கைந்து கூடை காய் கொட்டியது. எட்டாம் நாள் விடிந்ததும் அவள் தோப்பில் தொரட்டியை வைத்தோம். பத்து மணிக்கு வண்டி கிளம்பியது. ஆலை வாசலில் அவளுக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு வண்டி. இரண்டு மணிக்கெல்லாம் காலி டிராக்டரில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போய், ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அடுத்த வருஷக் குத்தகைக்கு மட்டும் வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது பஸ் ஸ்டாப்பில் தெலுங்கில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். மாங்காய் விவசாயிகளின் ஒற்றுமைக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றியாம். நடுவில் சந்திரசேகர், முகம் வேகாத பழைய போட்டோ. பக்கத்தில் மீசையோடு கங்கையா. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி நிழல்கூட அதில் இல்லை. இருக்கட்டும், வெயில் நேரத்தில் ஆடு படுக்க அந்த பிளெக்ஸ் வசதியாக இருக்கிறது.

உங்கள் ஊரிலும் தண்ணீருக்கோ வரிசைக்கோ இப்படிச் சத்தியம் செய்திருப்பார்களே? மறுநாள் காலை முதல் ஆளாக மீற வந்தவன் யார், அவனை எப்படி மடக்கினீர்கள்? மறைக்காமல் எனக்கு எழுதுங்கள்.