எழுத்து மட்டும்தான்

கனடாவின் மோர்னிங்சைட் பகுதியில் ஒன்பதாம் மாடியில் இருந்த அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. சனிக்கிழமை காலையில் கொழும்புக்குப் போன் எடுத்தால், நிரூபா கூடத்துச் சோபாவில் இருந்துதான் கதைக்க வேண்டும். தாய் குணவதி ஒரு தட்டு வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து உரிப்பாள். வெங்காயம் முடிந்தால் கதையும் முடிய வேண்டும். நிரூபா இரண்டு மூன்று வெங்காயத்தைக் கள்ளமாகக் கூட்டிப் போட்டுவிடுவாள் என்பது தாய்க்குத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டுச் சனிக்கிழமைச் சாம்பாரில் வெங்காயம் மட்டுமே மிதந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

போனின் மறுமுனையில் இருக்கிற ஸ்ரீதரன், சட்டப்படி பார்த்தால் நிரூபாவின் கணவன். குணவதியைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். போன வருடம் ஆவணியில் தாயும் மகளும் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பதிவாளரை அழைத்து எழுத்தை முடித்துக்கொண்டு வந்தார்கள். எழுத்து என்றால் விவாகப் பதிவு. திரும்பி வந்த கையோடு ஸ்பொன்சர் பேப்பரும் போட்டாயிற்று. பெடியன் கனடாவில் வந்து இறங்கிய பிறகு, ஸ்காபரோவில் நாள் பார்த்து, மண்டபம் எடுத்துத் தாலி கட்டுவது, அதுதான் கலியாணம். அதுவரைக்கும் நிரூபா கலியாணமாகாத பெட்டை. இதில் ஒருவருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. அரசாங்கத்துக்கு ஒரு நாள், சனத்துக்கு ஒரு நாள். தெரிந்த வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

குழப்பம் வந்தது கல்லூரி உதவிப்பணத்தால். நிரூபாவுக்கு மருத்துவ ஆய்வுகூடப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம் தாயோடு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவளுக்கு, அந்தக் கடிதம் வந்த நாளில் கால் நிலத்தில் நிற்கவில்லை. மத்திய அரசும் மாகாணமும் சேர்ந்து கொடுக்கிற உதவிப்பணத்துக்கு, ஓசாப் என்று எல்லாரும் சொல்வார்கள், சாப்பாட்டு மேசையில் வைத்து விண்ணப்பம் நிரப்பினார்கள். கலியாணம் ஆனவரா என்ற கேள்விக்கு, பக்கத்தில் நின்ற குணவதி யோசிக்காமலே, "இல்லையெண்டு போடு" என்றாள். நிரூபாவும் போட்டாள்.

ஆடி முடிவில் பதில் வந்தது. கிடையாது. தகப்பனின் வருமானம் கூடிப்போயிற்றாம். மகேஸ்வரன் பகலில் கார்ப் பாகத் தொழிற்சாலையிலும் பின்னேரம் மிசிசாகாவில் அலுவலகம் துப்புரவாக்கியும் உழைக்கிற மனிதன். கலியாணச் செலவுக்கென்று போன வருடம் ஓவர்டைமும் சேர்த்துச் செய்தார். மகளின் கலியாணத்துக்காக உழைத்த உழைப்பு மகளின் படிப்புக்குக் குறுக்கே வந்து நின்றது. அந்தக் காசு கொழும்புக்கும் விமானத்துக்கும் போய் முடிந்துவிட்டது என்று எழுத விண்ணப்பத்தில் ஒரு கோடும் இல்லை.

ஆவணி முடிவதற்குள் கட்டணத்துக்கு வழி காட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நிரூபா மறுபடியும் விடியற்காலைத் தொழிற்சாலை வேனில் தாய்க்குப் பக்கத்தில் ஏற வேண்டியதுதான். குணவதிக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை. சுடுபிஸ்கட் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன. அந்த விரல்கள் தன்னோடு போகட்டும் என்று அவள் வேண்டாத நாளில்லை. கதைத்தால் காரியம் நடக்கும் என்று நம்புகிற பிறவி அவள். அடுத்த திங்கட்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டாள்.

உதவிப்பணப் பிரிவில் இருந்த பெண்ணின் சட்டையில் வேரோனிக்கா என்று பெயர் குத்தியிருந்தது. மன்னார்ப் பிள்ளை. தமிழ் என்று கண்டதும் குணவதிக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினாள்.

"பிள்ளை, என்ரை மனிசன்ரை உழைப்பைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. எங்களுக்குச் செலவு கிடக்கு. வாற வருசம் இவவுக்குக் கலியாணம் வைச்சிருக்கிறம். மருமகன் கொழும்பிலை இருந்து வரவேணும். ஸ்பொன்சர் எல்லாம் போட்டாச்சு."

"ஆர் அன்ரி ஸ்பொன்சர் போட்டது?"

"இவதான்."

"கலியாணம் பேசின ஆள் எண்டோ போட்டவ?"

"சீச்சீ. மனிசன், புருசன் எண்டுதான் போட்டது. எழுத்து முடிஞ்சுதெல்லே." குணவதி இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். தான் அரைகுறையாக ஒரு வேலையும் செய்கிறவள் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும்.

வேரோனிக்கா பேனையைக் கீழே வைத்தாள். "அன்ரி, அப்ப இவ கலியாணம் முடிச்சவ."

"இல்லைப் பிள்ளை. எழுத்து மட்டும்தான். தாலி கட்டேலை."

"தாலியை ஓசாப் கேக்காது, அன்ரி."

பிறகு அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். கலியாணம் முடித்த பிள்ளைக்குத் தாய் தகப்பனின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அவளுடையதையும் கணவனுடையதையும்தான் பார்ப்பார்கள். ஸ்ரீதரன் கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அந்தச் சம்பளத்தை டொலருக்கு மாற்றினால் ஒன்றும் மிஞ்சாது. திருத்தி எழுதிப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் வைத்தால் நிரூபாவுக்கு உதவி கிடைக்கும் என்றே அவள் நினைத்தாள்.

"எங்கடை சேர்ச்சிலை தாலியும் கையெழுத்தும் ஒரே நாள், அன்ரி. அதாலை எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லை," என்று சிரித்தாள் வேரோனிக்கா.

கேட்டு வந்த காரியம் கைகூடியிருக்கிறது. குணவதி எழும்பித் துள்ளியிருக்க வேண்டும். அவளோ கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம், பிள்ளை," என்றாள். நிரூபா தாயை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இருவரும் பஸ் ஏறினார்கள். குணவதியின் மனம் முழுக்கச் சந்திரவதனாதான் நின்றாள். சந்திரவதனா குணவதியின் தமக்கையின் மகள். அவளுக்கும் எழுத்து முடிந்தது, ஜெர்மனிப் பெடியன் ஒருவனோடு. முதலில் வாரா வாரம் போன் எடுத்தவன், பிறகு மாதத்துக்கு ஒன்று என்றாக்கினான், பிறகு இல்லை. அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று கதை வந்தபோது தமக்கை அழுது குளறவில்லை. எழுத்துத்தானே, தாலி ஏறவில்லையே என்றாள். நீதிமன்றம் ஏறிச் சத்தமில்லாமல் எழுத்தை வெட்டிவிட்டு, பிள்ளையைப் பாரிஸில் ஒரு நல்லவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். ஒரு சனம் ஒரு சொல்லுச் சொல்லவில்லை.

அன்றைக்கிருந்து குணவதிக்கு எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி ஒரு கதவு. ஸ்ரீதரனை அவள் கண்டது ஒன்றிரண்டு வாரம்தான். நல்லாய்ச் சிரித்தான். சிரிக்கிற ஆம்பிளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கல்லூரியிலும் அரசாங்கத்திலும் போய்க் கலியாணம் முடித்தவள் என்று மகளே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் கதவை யார் திறப்பது? அவளுக்குப் பயமாக இருந்தது. தன் பிள்ளை தெரியாத ஒருவனிடம் அகப்பட்டுப்போவாளோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

வீட்டில் மகேஸ்வரன் இரண்டு வேலைக்கும் நடுவில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டார்.

"எழுத்து முடிச்ச அண்டைக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சது ஆர், குணம்?"

"நான்தான்."

"என்னத்துக்கு எண்டு தெரியாமலோ வைச்சனீர்?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்லையப்பா. இமிக்ரேசனுக்கு முடிச்சது எண்டு சொல்லிப்போட்டு, படிப்புக்கு முடிக்கேலை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறம். நாளைக்குக் கொழும்பிலை பெடியனை இன்ரவியூ எடுக்கிறவன், இதிலை எது பொய் எண்டு கேட்டா, அவன் என்ன செய்வான் பாவம்?" அவர் கையைக் கழுவிக்கொண்டு மிசிசாகாவுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு கேள்வியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது அவருடைய வழக்கம்.

நிரூபா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். குணவதி துவாயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். பிறகு கேட்டாள்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உனக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருக்கோ?"

நிரூபா தண்ணீர்க் குழாயை மூடினாள். "எழுத்து முடிஞ்சு ஒரு வருசத்துக்குப் பிறகோ அம்மா கேக்கிறீங்கள்?"

"அப்ப கேட்டிருந்தா, எனக்குப் பயத்திலை ஓம் எண்டிருப்பாய்."

"இப்பவும் ஓம்தான். பயத்திலை இல்லை."

நிரூபா ஈரக் கையோடே திரும்பி நின்றாள். "ஓசாப் இல்லையெண்டு வந்த உடனை அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? மண்டபத்தைப் பிறகு பாப்பம், கோயிலிலையே தாலியைக் கட்டலாம், முதல் உம்மடை ஃபீஸைக் கட்டச் சொல்லி அப்பாட்டைச் சொல்லும் எண்டவர். உங்களிட்டை என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியாமல் இருந்தனான்."

"எப்ப சொன்னவன்? நான் பக்கத்திலைதானே இருந்தனான்."

"நீங்கள் பக்கத்திலை இருந்தா நான் 'ஓம்', 'ம்' எண்டு மட்டும்தானே சொல்லுறன். அவர் சொல்லுறது உங்களுக்குக் கேக்காது, அம்மா."

குணவதி கையிலிருந்த கோப்பையைத் துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள். ஒரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் காவல் இருந்து, பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறாள். அதுவும் தெரிந்தவளுடைய பாதியை. அறிய வேண்டிய பாதி முழுக்க அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. தன்னை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சந்திரவதனா அக்காவை நினைச்சுத்தானே பயப்பிடுறீங்கள்," என்றாள் நிரூபா, மெல்ல. "விட்டுப் போக ஒரு கதவு எனக்கு வேண்டாம், அம்மா. அதைத் திறந்து வைச்சிருக்கிறபடியால்தான் நான் உள்ளையும் இல்லை, வெளியையும் இல்லை. அவருக்கும் அது விளங்குது."

"விளங்குதாமோ?"

"உம்மடை அம்மா இன்னும் என்னை நம்பேலைப் போலை எண்டு ஒருக்கால் கேட்டவர். நான் வெங்காயம் முடிஞ்சுபோச்செண்டு போனை வைச்சிட்டன்."

குணவதிக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நொந்தது. "புது ஃபோம் எடுத்துக்கொண்டு வா," என்றாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அதே சாப்பாட்டு மேசையில், புது விண்ணப்பத்தை விரித்து வைத்து எழுதினார்கள். கலியாணம் ஆனவரா என்ற இடத்தில் நிரூபாவின் பேனை ஒரு கணம் நின்றது. குணவதி வாய் திறக்கவில்லை. மகள் 'ஆம்' என்று அடையாளம் போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போனாள். கடைசிப் பக்கம் வந்தபோது குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பேனையைத் திறந்தாள்.

"நான் எங்கை வைக்கிறது?"

நிரூபா தாயைப் பார்த்தாள். "இதிலை உங்களுக்கு இடமில்லை, அம்மா. போன ஃபோமிலைதான் தாய் தகப்பன் வைக்கிறது. இதிலை நானும் அவரும்."

குணவதி பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். உண்மைதான். மாணவருக்கு ஒரு கோடு, துணைவருக்கு ஒரு கோடு. வேறு கோடு இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளையின் தடுப்பூசிக்கு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு, பல் பிடுங்க, பாஸ்போட் எடுக்க என்று எத்தனை தாளில் கையெழுத்து வைத்திருப்பாள்! ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத காலத்திலும் தன் பெயரை வைக்கிற கோடு எங்கே என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அந்தக் கோடு கொழும்பில் இருக்கிற ஒருவனுக்குப் போய்விட்டது. அழுகை வந்தது, அழுதாள். மகள் தோளைப் பிடித்தபோது, "ஒண்டுமில்லை, எழுது," என்று பேனையை மூடி வைத்தாள்.

சனிக்கிழமை காலை குணவதி வழக்கம்போல வெங்காயத்தட்டோடு கூடத்துக்கு வந்தாள். நிரூபா போன் கார்ட்டைச் சுரண்டி இலக்கங்களை அழுத்திக்கொண்டிருந்தாள். குணவதி சோபாவில் இருந்தாள். மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"எங்கை அம்மா போறீங்கள்?"

"கறி வைக்க வேண்டாமோ?"

அந்த அப்பார்ட்மெண்டில் குசினிக்குக் கதவு கிடையாது. கூடத்தில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அடுப்படிக்கு வரும். குணவதி அடுப்புக்கு மேலிருந்த புகைவிசிறியைப் போட்டாள். அப்படியும் மகளின் குரல் கேட்டது. ஓமும் இல்லை, ம்மும் இல்லை. தொடர்ந்து, நீளமாக, மூச்சு விடாமல் கதைத்தாள். இந்தப் பெட்டைக்கு இவ்வளவு கதை இருந்ததா என்று குணவதிக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் கூடத்துப் பக்கம் தலையை நீட்டினாள்.

"பிள்ளை, ஃபோம் இண்டைக்குத் தபாலிலை போகுது. கிடைச்ச உடனை கையெழுத்து வைச்சுக் கெதியா அனுப்பச் சொல்லு."

"ஆரிட்டைச் சொல்லுறது, அம்மா?" என்றாள் நிரூபா, போனின் வாயைப் பொத்திக்கொண்டு.

"உன்ரை மனிசனிட்டைத்தான்," என்றாள் குணவதி. சொல்லிவிட்டு விசிறியை முழு வேகத்தில் வைத்தாள்.