மாப்பிள்ளையின் அபிப்பிராயம்

கையில் பிடித்து ஆடும் கருவிக்கு வந்திருந்த அந்த வீடியோ விளையாட்டைப் பற்றி இணையத்தில் இரண்டு கட்சி. அதில் வரும் பெருநகரத் தெருவும் உடுப்பும் பாட்டும் அபாரம் என்று ஒரு கட்சி. வெறும் மினுக்குதான், கதை இழுவை என்று இன்னொன்று. எபனேசர் எதிலும் சேரவில்லை. முழுசாக ஆடி முடிக்காமல் கருத்துச் சொல்கிறவனைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். போடி பஜாரில் கடையடைத்துவிட்டு வந்து ஆடி ஆடி, கடைசிச் சண்டை வரைக்கும் வந்திருந்தான்.

அப்போதுதான் அக்கா இவாஞ்சலின் தலைக் கிறிஸ்துமஸுக்குப் புருஷனோடு வந்தாள். மதியம் கறிச்சோறு முடிந்ததும் அத்தான் பொன்னுராஜ், "என்னப்பா அது, குடு பாப்போம்" என்றார். புது மாப்பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

சாயங்காலம் கருவி திரும்பி வரவில்லை, அபிப்பிராயம்தான் வந்தது.

"ஆரம்பமே சவசவன்னு இருக்கு. அந்த ஹீரோப் பய சட்டை மட்டும் நல்லாருக்கு."

எபனேசர் திரையை எட்டிப் பார்த்தான். "ஆரம்பமா? நான் விட்ட எடத்துலருந்து ஆடலையா அத்தான்?"

"ஒரு ஆட்டத்தத்தான் சேமிக்க முடியுமாம்ல. உன்னுத அழிச்சுட்டேன்."

எபனேசர் வாயெடுப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா முறைத்தாள். மாப்பிள்ளை முகம் கோணினால் அக்காவுக்குத்தான் பேச்சு விழும்.

மறுநாள் காரில் பலகாரத்தை ஏற்றிவிட்டு அம்மா சொன்னாள்: "ஏலே, மருமகன் அத வச்சு நல்லாப் பொழுது போக்குனாக. குடுத்து விடு."

"அவுகளுக்குத்தான் பிடிக்கலையேம்மா!"

"பிடிக்காமத்தான் கையவிட்டு எறக்கலையாக்கும்?"

எபனேசர் சார்ஜரைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்.

பொன்னுராஜ் அவன் தோளைத் தட்டினார். "முழுசா முடிச்சுட்டு, எப்படி இருக்குன்னு ஒனக்குச் சொல்றேன்."